கரும்பு இழுத்த டிராக்டர் வாங்கலாமா?

மாண்டியா, மத்தூர், பாண்டவபுரம் வட்டாரங்களில் ஆலைக்குக் கரும்பு இழுத்த பழைய டிராக்டர்கள் அவ்வப்போது விலைக்கு வருகின்றன. பெங்களூரில் பிழைப்பும், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் சொந்த நிலமுமாக இருக்கும் நம்மவர் சிலர் இவற்றை விசாரிக்கிறார்கள். நகையை அடகு வைத்துப் பணம் திரட்டுவோரும் உண்டு. ஆகவே சற்று நிதானம் தேவை.

உழவுக்குப் போன வண்டியும் பாரம் இழுத்த வண்டியும் ஒன்றல்ல. நிறைபாரத்துடன் நின்று நின்று புறப்படுவதில் கிளச்சு தேய்கிறது. இறக்கத்தில் டிரெய்லர் பின்னால் தள்ளுவதில் பிரேக் தேய்கிறது. மீட்டர் காட்டும் மணிக்கணக்கில் இது தெரியாது. கேபிள் அறுந்தால் பழைய மீட்டர் நின்றே போகும். எனவே வண்டியைப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள்.

எதைப் பார்ப்பது?

டிரெய்லர் மாட்டும் கொக்கியின் துவாரம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் பாரம் நிறைய இழுத்த வண்டி. அங்கே மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால், அடியில் வெல்டிங் இருக்கிறதா என்று சுரண்டிப் பார்க்கலாம். தார் ரோட்டில் ஓடிய பின் டயரின் பட்டைகள் மழுங்கியிருக்கும். சேற்றில் அது பிடிக்காது.

சமதரையில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து மிதித்துக்கொண்டு, பெரிய கியரில் கிளச்சை மெதுவாக விடுங்கள். என்ஜின் நின்றால் நல்லது. ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. வண்டியை நடுவில் பிரித்துத்தான் அதை மாற்ற முடியும்; செலவு சிறிதல்ல. பிறகு இடது, வலது பிரேக்குகளைத் தனித்தனியே சோதியுங்கள். முன்புறத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் கூடாது. ஏற்றத்தில் பாரத்துடன் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள். கியர் தானாக நழுவுவது அப்போதுதான் தெரியும்.

காகிதங்கள்

ஆர்.சி. புத்தகத்தில் வங்கிக் கடன் குறிக்கப்பட்டிருந்தால், கடன் தீர்ந்ததற்கான 35-ஆம் எண் படிவம் கேளுங்கள். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் படிவங்களில் விற்பவரின் கையெழுத்து வேண்டும். வண்டியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோவதானால், பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 28-ஆம் படிவத்தின்படி ஆட்சேபணையில்லாச் சான்று பெறவேண்டும். டிரெய்லரையும் சேர்த்து வாங்குவோர், அதற்குத் தனிப் பதிவு உண்டா என்று பார்க்க வேண்டும். இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பாரம் இழுத்தது என்பதற்காகவே ஒரு வண்டியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. காலாகாலத்தில் எண்ணெய் மாற்றி, கிளச்சும் பிரேக்கும் புதுப்பித்த வண்டி இன்னும் பல வருடம் உழைக்கும். செய்த வேலைக்கான பில்லைக் கேளுங்கள். தரகர் கூட்டி வரும் மெக்கானிக்கை நம்பாமல், உங்களுக்குத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள். அவருக்குத் தரும் ஒரு நாள் கூலி, அடகு நகையை மீட்க உதவும் பணம்.