நோய் ஆதரவுச் சிகிச்சைப் பணியாளர்களுக்கான பகுதிநேரப் படிப்பு

முற்றாகக் குணப்படுத்த இயலாத நோயுடன் வாழ்பவரின் வலி, மூச்சுத்திணறல், படுக்கைப்புண், மனவேதனை முதலியவற்றைத் தணித்து, அவருடைய குடும்பத்துக்கும் துணை நிற்கும் மருத்துவப் பிரிவு நோய் ஆதரவுச் சிகிச்சை எனப்படுகிறது. பக்கவாதம், முதுமை மறதி, சிறுநீரகச் செயலிழப்பு போன்றவற்றால் ஆண்டுக்கணக்கில் பிறர் உதவியுடன் வாழ்வோருக்கான நீண்டகாலப் பராமரிப்பும் இதனுடன் இணைந்தே வருகிறது. இத்துறையில் ஏற்கெனவே பணியாற்றும் செவிலியர், மருத்துவர், இயன்முறை மருத்துவர் ஆகியோர் வேலையை விடாமல் மேற்படிப்புப் படிக்க இந்தியாவில் உள்ள வழிகளையும் தடைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தேவை

காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே பாலாற்றை ஒட்டி அமைந்துள்ள பேரூர் வாலாஜாபாத். சுற்றியுள்ள ஊர்களுக்கு இதுவே ஒன்றியத் தலைமையிடம். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1969ஆம் ஆண்டு அண்ணா புற்றுநோயால் மறைந்ததன் நினைவாக ஏற்பட்டது அது. அங்கே கதிர்வீச்சோ அறுவைச் சிகிச்சையோ முடித்த நோயாளி வீடு திரும்பிய பிறகுதான் பராமரிப்பின் நீண்ட பகுதி தொடங்குகிறது. புற்றுநோய் மட்டுமன்று. குழித்தறியில் முப்பது, நாற்பது ஆண்டுகள் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்த நெசவாளர்களுக்கு இடுப்பு வலியும் முழங்கால் வலியும் பழகிப்போனவை. முதுமையில் நடமாட்டமே நின்றுவிடுவதும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 10 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டோர் 60 வயதைக் கடந்தவர்கள். அந்த விகிதம் ஏறிக்கொண்டே வருகிறது.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளோடு நோய் ஆதரவுச் சேவையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. இத்திட்டம் 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. ஆனால் வீட்டுக்குச் செல்லும் செவிலியரின் நிலை வார்டில் இருக்கும் செவிலியரின் நிலையிலிருந்து வேறானது. வார்டில் ஐயம் வந்தால் கேட்க மருத்துவர் இருப்பார். நோயாளியின் வீட்டுக் கட்டிலருகே, சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டாலும், புண்ணில் நாற்றம் வந்தாலும், “இன்னும் எத்தனை நாள்?” என்று மகள் கேட்டாலும், அந்தச் செவிலியரே பதில் சொல்ல வேண்டும். ஜி.என்.எம். எனப்படும் மூன்றாண்டு டிப்ளமோ பெரிதும் மருத்துவமனைப் பணிக்கே ஒருவரை ஆயத்தப்படுத்துகிறது. மேற்கொண்டு படிக்க வேண்டும் என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது.

பயிற்சியும் மார்ஃபினும்

இத்துறையில் படிப்பு என்பது பெயருக்குப் பின்னால் சேரும் எழுத்துகள் மட்டுமல்ல என்பதற்குச் சட்டமே சான்று. கடும் புற்றுநோய் வலிக்கு உரிய மருந்து மார்ஃபின். அபினிலிருந்து கிடைப்பதால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பல உரிமங்கள் பெறும் தொல்லைக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபினையே வாங்காமல் விட்டன. அபினை விளைவித்து உலகுக்கு விற்ற நாட்டில், வலியில் துடித்தவருக்கு அது எட்டவில்லை. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் ‘அத்தியாவசியப் போதை மருந்துகள்’ என வகைப்படுத்தப்பட்டன. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையம் அவற்றை வைத்துக்கொள்ளலாம். அந்த அங்கீகாரத்துக்கு முக்கிய நிபந்தனை ஒன்று உண்டு: வலி நிவாரணத்திலும் நோய் ஆதரவுச் சிகிச்சையிலும் பயிற்சி பெற்ற மருத்துவர் அங்கே இருக்க வேண்டும். பயிற்சி பெற்றவர் இல்லாத ஊரில் மார்ஃபினும் இராது.

பட்டத்துக்கு உள்ள தடை

பணியிலிருந்தபடி நர்சிங் பட்டம் பெற விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளை. மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளைத் தொலைநிலையிலோ இணைய வழியிலோ நடத்த அவை இடமளிப்பதில்லை. 2025இல் உளவியல், உணவும் ஊட்டச்சத்தும் போன்ற உடல்நலம் சார்ந்த பாடங்களுக்கும் தடை நீண்டது. ஊசி போடவும் புண்ணுக்குக் கட்டுப் போடவும் அஞ்சலில் கற்க முடியாது என்ற வாதம் நியாயமானதே. எனினும் ஐந்தாறு ஆண்டுகளாக அவற்றையே செய்துவரும் செவிலியருக்கும் அதே விதி பொருந்துவதுதான் சிக்கல். டிப்ளமோ முடித்தவர் பட்டம் பெறச் சேரும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாண்டு முழுநேரப் படிப்பு. சம்பளம் இல்லாத இரண்டு ஆண்டுகளைத் தாங்கும் வசதி பல குடும்பங்களுக்கு இல்லை.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1990களில் தொடங்கிய போஸ்ட் பேசிக் நர்சிங் பட்டப்படிப்பு இச்சிக்கலைத் தீர்க்கப் பிறந்தது. பதிவுபெற்ற, பணி அனுபவமுள்ள செவிலியரை மட்டுமே அது சேர்த்துக்கொண்டது. பாடநூல்கள் வீட்டுக்கு வரும். செய்முறைப் பயிற்சி குறிப்பிட்ட நர்சிங் கல்லூரிகளில் நேரில் நடக்கும். எம்.பி.பி.எஸ். முடித்த மருத்துவர்களுக்கு முதியோர் மருத்துவத்தில் முதுநிலை டிப்ளமோவையும் அப்பல்கலைக்கழகம் உருவாக்கியது. நோய் ஆதரவு மருத்துவத்தில் எம்.டி. பட்டம் 2012இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் தொடங்கியது. அது முழுநேரப் படிப்பு.

சான்றிதழ்ப் படிப்புகள்

பட்டம் அல்லாத வழிகள் கூடுதலாகத் திறந்திருக்கின்றன. 1994இல் தோன்றிய இந்திய நோய் ஆதரவுச் சிகிச்சைச் சங்கம், மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் சுமார் எட்டு வாரச் சான்றிதழ்ப் படிப்பை நடத்துகிறது. சில நாள் நேரடி வகுப்பு, பிறகு வேலை பார்த்தபடியே வாசிப்பு, இறுதியில் தேர்வு என்பது அதன் அமைப்பு. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய இயக்கத்திலிருந்து வளர்ந்த நோய் ஆதரவு மருத்துவ நிறுவனம், செவிலியருக்கு ஆறு வார அடிப்படைப் பயிற்சியும், பணியிலிருந்தபடி தொடரும் ஃபெல்லோஷிப் படிப்பும் அளித்துவந்துள்ளது. 2003இல் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் பாலியம் இந்தியாவும் இத்தகைய பயிற்சிகளுக்குப் பெயர் பெற்றது. அறிவு என்ற அளவில் இவை பயனுள்ளவை. ஆனால் பட்டமும் சான்றிதழும் ஒன்றல்ல. பதவி உயர்வுக்கோ எம்.எஸ்சி. சேர்க்கைக்கோ எட்டு வாரச் சான்றிதழைக் காட்ட முடியாது. சில விளம்பரங்கள் இந்த வேறுபாட்டை வேண்டுமென்றே மங்கலாக்குகின்றன.

பிற நாடுகளில்

பணியும் படிப்பும் கலந்தே இத்துறை பிறந்தது எனலாம். நவீன நோய் ஆதரவு இயக்கத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர். முதுகு வலியால் அப்பணியை விட்டு மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். பின்னர் மருத்துவம் படித்து 1957இல், 38 வயதில், மருத்துவரானார். பத்தாண்டு கழித்து இலண்டனில் அவர் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தில் நோயாளிகளைப் பராமரிப்பதோடு கற்பித்தலும் ஆராய்ச்சியும் தொடக்கத்திலிருந்தே நடந்தன. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் 1989இல் தொடங்கிய தொலைநிலை டிப்ளமோ, பணியிலுள்ள மருத்துவர் தம் நோயாளிகளிடமிருந்தே பாடம் கற்கும்படி அமைந்தது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் செவிலியர் ஒவ்வொரு பாடமாகத் தேறி, மதிப்பெண் அலகுகளைச் சேர்த்துச் சில ஆண்டுகளில் பட்டம் பெறும் முறை இன்று வழக்கமாகிவிட்டது. இந்தியாவின் எட்டு வாரச் சான்றிதழ்களை அப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பட்டமாக்க வழி செய்தால், செய்முறைப் பயிற்சியைக் கைவிடாமலே சிக்கல் பெருமளவு தீரும்.

சேருமுன்

கட்டணம் செலுத்துவதற்கு முன் மூன்று செய்திகளைப் பார்ப்பது நல்லது. பட்டம் என்று சொல்லப்பட்டால், அந்த ஆண்டுக்கான மானியக் குழுவின் அனுமதிப் பட்டியலில் அப்படிப்பு இருக்க வேண்டும். நர்சிங் படிப்பானால் இந்திய நர்சிங் கவுன்சிலின் ஏற்பும் தேவை. இரண்டில் ஒன்று மட்டும் போதாது. நேரடிப் பயிற்சி எங்கே, எத்தனை நாள் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். வாலாஜாபாத்திலிருந்து காரப்பேட்டைக்குப் போய்வருவது ஒன்று. மாதந்தோறும் கோழிக்கோட்டுக்கு இரயிலேறுவது வேறு.