தேடி வந்தவரா, தேடிச் சென்றவரா? – சாலையில் அடிபட்ட பாதசாரியும் வழக்கறிஞர் தேர்வும்

ஒரு மாலை வேளையில் 43 வயதுத் தையற்காரர் ஒருவர் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஆட்டோவில் கொண்டுவரப்பட்டார். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே சாலையைக் கடந்தபோது இருசக்கர வாகனம் ஒன்று அவர்மீது மோதியிருந்தது. வலது முழங்காலுக்குச் சற்றுக் கீழே கால் எலும்பு நொறுங்கியிருந்தது. அவரை அழைத்து வந்தவர், வாகனத்தை ஓட்டிய கல்லூரி மாணவரே. எப்படி அடிபட்டது என்று பணியிலிருந்த மருத்துவர் கேட்டபோது, "வீட்டுப் படியில் வழுக்கி விழுந்துவிட்டேன்" என்றார் தையற்காரர். படிக்கிற பிள்ளை காவல் நிலையம், வழக்கு என்று அலைய வேண்டாமே என்ற இரக்கம் அவருக்கு. விபத்துப் பதிவேட்டில் அந்தச் சொற்களே ஏறின. எங்களில் எவரும் மறுபடி கேட்கவில்லை.

ஆறு வாரம் கடந்தது. காலை ஊன்ற முடியவில்லை, தையல் இயந்திரத்தின் மிதியை அழுத்த முடியவில்லை, கையிருப்பும் தீர்ந்தது. அப்போதுதான் குடும்பத்தினர் இழப்பீடு பற்றி எண்ணினார்கள். கடைக்காரர் ஒருவரின் சாட்சியத்தைக் கொண்டு காலந்தாழ்ந்து வழக்குப் பதிவாயிற்று. பின்னர் தீர்ப்பாயத்தில் நாங்கள் சாட்சி சொல்லச் சென்றபோது, காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் பதிவேட்டைக் காட்டி, "இது உங்கள் மருத்துவமனையில் எழுதப்பட்டதுதானே?" என்று கேட்டார். ஆம் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு விடை இல்லை.

எலும்பை இணைப்பது எங்கள் வேலை. ஆயினும் அந்த எலும்பு முறிந்ததால் வீட்டில் அடுப்பு அணைந்துவிடாமல் காப்பது சட்டத்தின் வேலை. அந்த இரண்டாவது வேலை செவ்வனே நடக்க நோயாளியும் உடனிருப்போரும் அறியவேண்டியவற்றை இக்கட்டுரையில் தொகுத்துள்ளோம்.

பாதசாரியின் உடலில் நிகழ்வது

இந்தியாவில் 2022 ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஏறத்தாழ ஐவரில் ஒருவர். கூண்டோ தலைக்கவசமோ இல்லாத உடல் வாகனத்தின் விசை முழுவதையும் தானே தாங்குகிறது. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். கார் மோதும் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 65 கிலோமீட்டராக உயர்ந்தால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு நான்கரை மடங்கு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது.

கார் மோதும்போது முதலில் அடிபடுவது முழங்காலும் கீழ்க்காலும். அடுத்து இடுப்பு, வாகனத்தின் முன்மூடி விளிம்பில். இறுதியாகத் தலை, கண்ணாடியிலோ தரையிலோ. குழந்தையின் உயரம் குறைவாதலால் தொடை, மார்பு, வயிறு ஆகியவை முதல் அடியை வாங்குகின்றன. கண்ணுக்குத் தெரியும் கால் முறிவு எல்லோருடைய கவனத்தையும் ஈர்த்துக்கொள்ள, தலையிலும் வயிற்றிலும் பட்ட அடி மறைந்து நிற்பது உண்டு. முதியோரிடமும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரிடமும் மூளையுறையின் அடியில் இரத்தம் மெல்லக் கசிந்து, வாரங்கள் கழித்துத் தலைவலி, தூக்கக் கலக்கம், நடைத் தடுமாற்றம் என வெளிப்படலாம். மறதி, எரிச்சல், மணம் அறிய இயலாமை போன்றவையும் தலைக்காயத்தின் விளைவுகளாக இருக்கக்கூடும். இவற்றைத் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகிச்சைக்கும் அது தேவை. சொல்லி, எழுதப்பட்ட காயத்தையே பிற்பாடு சட்டமும் எளிதில் ஏற்கும்.

முதல் நாளில் சொல்லும் சொல்

விபத்தில் சிக்கியவருக்கு முதலில் சிகிச்சை, பிறகே காவல்துறை நடைமுறைகள் என்பதை 1989 இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தமிழ்நாட்டில் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தின் கீழ், அதில் இணைந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. எனவே வழக்குக்கு அஞ்சியோ செலவுக்கு அஞ்சியோ உண்மையை மாற்றிச் சொல்லத் தேவையில்லை.

மோதியவர்மீது இரக்கம் கொள்வது மனிதப் பண்பு. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். பாதசாரி அந்த மூன்றாம் நபரே. காப்பீடு நடப்பில் இருந்தால் இழப்பீட்டை வழக்கமாகச் செலுத்துவது காப்பீட்டு நிறுவனம். அந்த மாணவரின் தந்தை நிலத்தை விற்க வேண்டியதில்லை. கையில் திணிக்கப்படும் சில ஆயிரம் ரூபாய்க்காக "விழுந்துவிட்டேன்" என்று சொன்னால், பின்வரும் பல மாதங்களின் செலவை நீங்களே சுமக்க நேரும்.

ஆகவே, எங்கே, எப்போது, எந்த வாகனம், அதன் எண் என்ன என்பவற்றைத் தெரிந்தவரை அப்படியே சொல்லுங்கள். நோயாளி மயக்கத்தில் இருந்தால் உடன்வந்தவர் சொல்லலாம். தவறாகப் பதிவாகியிருந்தால் அன்றே பணி மருத்துவரிடம் தெரிவியுங்கள். விபத்துப் பதிவேட்டின் நகல், முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன் படங்கள், மருந்துக் கடை ரசீதுகள், ஆட்டோச் செலவு, வேலைக்குச் செல்லாத நாள்களின் கணக்கு ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். மூலங்களை உங்களிடம் வைத்துக்கொண்டு, கேட்பவர்க்கு நகலையே கொடுங்கள்.

இழப்பீடு கணக்கிடப்படும் முறை

மருத்துவர் எழுதும் ஊன விழுக்காடும் வருமான இழப்பின் விழுக்காடும் ஒன்றல்ல. 2010 இல் வெளியான ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இடக்கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ தம் தொழிலை முழுவதுமாக இழக்கக்கூடும். அதே கையை இழந்த அரசு அலுவலக எழுத்தர் பணியில் தொடரக்கூடும். எனவே காயம் அந்த மனிதரின் தொழிலை எவ்வளவு பாதித்தது என்பதே கேள்வி.

எங்கள் தையற்காரரையே எடுத்துக்கொள்வோம். மாத வருமானம் 15,000 ரூபாய் எனில் ஆண்டுக்கு 1,80,000. சரளா வர்மா வழக்கின் 2009 ஆம் ஆண்டுத் தீர்ப்பு வகுத்த அட்டவணைப்படி 41 முதல் 45 வயது வரையுள்ளவர்க்குப் பெருக்கு எண் 14. உழைப்புத் திறன் இழப்பு 10 விழுக்காடு என்றால் இத்தலைப்பில் வரும் தொகை 2,52,000 ரூபாய். 30 விழுக்காடு என்றால் 7,56,000 ரூபாய். எதிர்கால வருமான உயர்வு, மருத்துவச் செலவு, வலி, உடனிருப்போர் செலவு முதலியவை இதற்கு மேல் சேர்பவை. மிதியை அழுத்தும் கால் அது என்பதைத் தீர்ப்பாயத்துக்கு எடுத்துரைக்கும் வழக்கறிஞர் இருக்கிறாரா இல்லையா என்பதில் இவ்வளவு வேறுபாடு அடங்கியுள்ளது. வருமானச் சான்று இல்லாதவரும், வீட்டுவேலையை மட்டும் கவனித்த இல்லத்தரசியும் இழப்பீட்டுக்கு உரியவர்களே. அவர்களது உழைப்புக்கும் நீதிமன்றங்கள் மதிப்பிடுகின்றன.

வழக்கறிஞரைத் தேர்ந்தெடுத்தல்

தையற்காரர் படுத்திருந்த வார்டுக்கு மூன்றாம் நாள் ஒருவர் வந்தார். "செலவு ஒன்றும் இல்லை, வருகிறதில் பங்கு கொடுத்தால் போதும்" என்று கூறி, எழுதப்படாத தாள்கள் சிலவற்றில் கையொப்பம் கேட்டார். அவருடைய மனைவி, "என் அண்ணன் வந்த பிறகு பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் செய்தது மிகச் சரி.

இந்திய வழக்கறிஞர் பேரவையின் விதிகள், வழக்கறிஞர் தாமாகவோ தரகர் மூலமாகவோ வழக்குத் தேடுவதைத் தடைசெய்கின்றன. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கொள்வதையும் அவ்விதிகள் தடைசெய்கின்றன. படுக்கையருகே தேடி வந்து பங்கு பேசுபவர் முதல் சந்திப்பிலேயே இரண்டு விதிகளை மீறுகிறார். நீங்கள் விசாரித்துத் தேடிச் செல்லும் வழக்கறிஞரே உங்களுக்கு உரியவர்.

தேடும்போது இவற்றைக் கேளுங்கள்:

• மோட்டார் வாகன விபத்து வழக்குகளைத் தொடர்ந்து நடத்துகிறாரா? பிற துறையில் புகழ்பெற்றவர் இதிலும் தேர்ந்தவராக இருப்பார் என்பதில்லை.

• நீதிமன்றத்தில் அவரே வாதிடுவாரா, வேறொருவரை அனுப்புவாரா?

• எந்தத் தீர்ப்பாயத்தில் மனு செய்வார்? விபத்து நடந்த ஊரில் மட்டுமன்றி, நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலும் மனு செய்யலாம். ஊன்றுகோலுடன் நடப்பவர்க்கு இது சிறிய செய்தி அன்று.

• உங்கள் மருத்துவக் கோப்பைப் படிக்கிறாரா? உங்கள் தொழிலைப் பற்றிக் கேட்கிறாரா? தேவைப்பட்டால் சிகிச்சை அளித்த மருத்துவரைச் சாட்சியாக அழைப்பாரா?

• வழக்கின் பலவீனம் என்ன என்று சொல்கிறாரா? "இத்தனை லட்சம் நிச்சயம்" என்பவரைவிட, "இந்தப் பதிவு நமக்குச் சிக்கல்" என்று முகத்துக்கு நேரே சொல்பவரை நம்பலாம்.

கட்டணத்தை முதலிலேயே பேசி எழுத்தில் பெறுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். வக்காலத்தில் கையொப்பமிடும் முன் அதைப் படியுங்கள். படிக்க இயலாதவர் நம்பிக்கைக்குரிய ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். வெற்றுத் தாளிலோ வெற்றுக் காசோலையிலோ எக்காரணம் கொண்டும் கையொப்பமிட வேண்டாம். இழப்பீடு உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வரவேண்டும். அக்கணக்கின் புத்தகமும் அட்டையும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். நம்பிக்கை குலைந்தால் வழக்கறிஞரை மாற்றிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. கட்டண பாக்கியைக் காரணம் காட்டி வழக்குக் கோப்பைப் பிடித்துவைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று 2000 ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. நடத்தை பற்றிய புகாரைத் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி வழக்கறிஞர் பேரவையிடம் அளிக்கலாம்.

சமரசத்துக்கு அழைப்பு வந்தால் அவசரப்பட வேண்டாம். மக்கள் நீதிமன்றத்தில் எட்டும் உடன்பாடு இறுதியானது. அதன்மீது மேல்முறையீடு இல்லை. விரைவாகப் பணம் கிடைப்பது அதன் நன்மை. ஆனால் எலும்பு கூடியதா, இன்னொரு அறுவைச் சிகிச்சை தேவைப்படுமா என்பதை மருத்துவரிடம் கேட்டறியாமல் உடன்படாதீர்கள்.

காலமும் உதவியும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 ஆம் ஆண்டுத் திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்கிறது. அக்கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டுள்ளன. எனினும் ஆறு மாதத்தையே எல்லையாகக் கொள்வதுதான் பாதுகாப்பு. ஒரு வழக்கறிஞரை நிதானமாகத் தேர்ந்தெடுக்க அது போதிய காலம். மறந்திருக்கும் அளவுக்கு நீண்ட காலம் அன்று.

மோதிய வாகனம் இன்னதென்று தெரியாமல் போனாலும் வழி உண்டு. அத்தகைய விபத்துகளில் இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் வழங்கும் திட்டம் 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது.

வழக்கறிஞர் கட்டணம் செலுத்த இயலாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமான வரம்புக்குட்பட்டோர் ஆகியோர்க்கு 1987 ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உரிமையாகும். 15100 என்ற எண்ணில் தொடர்புகொள்ளலாம்.

தையற்காரரின் வழக்கை ஏற்ற வழக்கறிஞர், அவருடைய மனைவியின் அண்ணன் நீதிமன்ற வளாகத்தில் பலரிடம் விசாரித்துக் கண்டறிந்தவர். எங்களைச் சாட்சிக்கூண்டில் மறு விசாரணை செய்தபோது அவர் ஒன்றே கேட்டார்: "படியில் விழுந்தால் இத்தகைய முறிவு ஏற்படுமா?" பக்கவாட்டிலிருந்து வந்த பலத்த மோதலின் அடையாளங்கள் எலும்பிலும் தசையிலும் இருந்தன என்பதை நாங்கள் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினோம். மருத்துவக் கோப்பைப் படித்தவரால் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி அது. தீர்ப்பாயம் விபத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் முதல் நாளில் சொன்ன ஒரு வாக்கியத்தைத் திருத்த அக்குடும்பத்துக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

அன்று முதல் எங்கள் அவசரப் பிரிவில் ஒரு பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. கால் முறிவுடன் வருபவர் "விழுந்துவிட்டேன்" என்றால், வலி சற்றுத் தணிந்த பின் மறுபடியும் ஒருமுறை, உடன்வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்கிறோம். அப்போது உண்மையைச் சொல்லுங்கள்.