சைரனை நம்பி ஓட்டலாமா?

பெயர்ப்பலகையில் அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பெருந்துறைக்காரர்களுக்கு அது இன்னமும் ஐ.ஆர்.டி.தான். சேலம் – கொச்சி நெடுஞ்சாலையில் அடிபட்டவர்கள் பலரும் வந்து சேருகிற இடம். நிலைமை மோசமென்றால், "கோயமுத்தூருக்கு எழுதிட்டாங்க" என்பார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பும். ஸ்ட்ரெச்சரில் ஒருவர், பக்கவாட்டு சீட்டில் நெருக்கியடித்து உறவினர்கள், ஒரு கை குளுக்கோஸ் பாட்டிலில், மறு கை மேலே கம்பியில். பெல்ட் பற்றி யாருக்கு நினைவு வரும்?

அந்த வண்டியே மோதினால்? 2019 ஜூன் 9 அன்று பாலக்காடு அருகே தண்ணிச்சேரியில் மோதியது. நெல்லியாம்பதி போன இடத்தில் கார் விபத்தில் சிக்கியவர்கள், நெம்மாரா மருத்துவமனையிலிருந்து பாலக்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எதிரே லாரி. இறந்தவர்கள் 8 பேர். கார் விபத்தில் தப்பிய உயிர்கள் ஆம்புலன்ஸில் போயின.

2021 டிசம்பர் 9-ஐயும் இந்தப் பக்கத்தில் மறந்திருக்க மாட்டார்கள். குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்டோரின் உடல்கள் வெலிங்டனிலிருந்து சூலூருக்கு வந்தன. வழியில் போலீஸ் வேன் ஒன்று மலையோரத்தில் மோதி, காவலர்கள் காயமடைந்தார்கள். மேட்டுப்பாளையம் அருகே ஓர் ஆம்புலன்ஸும் விபத்துக்குள்ளாகி, வேறு வண்டிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. உயிர் காக்கிற அவசரம்கூட அன்று இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெருந்துறையிலிருந்து கோவை சுமார் 80 கிலோமீட்டர். மணிக்கு 80-ல் போனால் ஒரு மணி நேரம். 100-ல் போனால் 48 நிமிடம். மிச்சம் 12 நிமிடம், அதுவும் வழியில் எங்கும் பிரேக் போடாவிட்டால்! 100-ல் ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடும். கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யும் பாட்டுமாகப் போகிறவர் காதில் சைரன் விழுவதற்குள் வண்டி அவர் முதுகில் நிற்கும்.

2017-ன் வாகனம் ஓட்டும் விதிமுறைகள் அவசர வாகனங்களுக்குச் சிவப்பு விளக்கைத் தாண்டவும் வேக வரம்பை மீறவும் இடம் கொடுக்கின்றன, உரிய கவனத்தோடு ஓட்டினால் மட்டும். அந்தக் கடைசி நிபந்தனைதான் பலருக்கு மறந்துபோகிறது. 108 ஆம்புலன்ஸில் ஓட்டுநருக்குப் 'பைலட்' என்று பெயர். பொருத்தமான பெயர்தான், ஓடுபாதை காலியா என்று தெரியாமல் எந்த விமானியும் இறங்குவதில்லை.

வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் உண்டு. வழிவிட்டபின் ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துப் பறக்கிற கார்களை என்ன செய்வது? அது திடீரென நின்றால் முதலில் மோதுவது இவர்கள்தான்.

சைரன் கேட்டால் இடப்பக்கம் ஒதுங்குங்கள். வண்டி போனதும் சட்டென்று உள்ளே ஏறாதீர்கள். கண்ணாடியைப் பாருங்கள், பின்னாலேயே இன்னொன்றும் வரலாம்.