பதக்கமும் பதிவேடும்



ஒரே தொழிலைச் சார்ந்தோர் சங்கம் அமைப்பதும், ஆண்டுதோறும் மாநாடு கூட்டுவதும், சிறந்தோருக்குப் பதக்கம் வழங்குவதும் உலகெங்கும் உள்ள வழக்கமாகும். மாநாடு முடிந்ததும் பந்தல் பிரிக்கப்படுகிறது, மாலைகள் வாடிவிடுகின்றன. எஞ்சுபவை சில தாள்கள். வந்தோர் பட்டியல், தீர்மானங்கள், வாக்குக் கணக்கு, கடிதப் போக்குவரத்து ஆகிய அத்தாள்களால் யாது பயன்? இவ்வினாவிற்கு விடை காண அமெரிக்க நூலகச் சங்கத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். நாள்தோறும் நூலகத்தை நாடும் உங்களுக்கு அஃது அயலான செய்தியன்று.

1876-ஆம் ஆண்டு அக்டோபர் 4 முதல் 6 வரை பிலடெல்பியா நகரில் நூலகர்கள் கூடிப் பேசினர். அக்கூட்டத்தில் பிறந்ததே இச்சங்கம். வந்திருந்தோர் 103 பேர். அவர்களுள் ஆடவர் 90, மகளிர் 13. பிற்காலத்தில் அந்நாட்டு நூலகத் துறையில் பெண்களே மிகுதியாகப் பணியாற்றலாயினர். தொடக்கத்தில் அவர்கள் எத்துணைச் சிறுபான்மையினராக இருந்தனர் என்பதை வருகைக் கணக்கு ஒன்றே நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

இனி, பதக்கத்தின் கதைக்கு வருவோம். பிரடெரிக் மெல்ச்சர் என்பவர் புத்தக வணிகத்திலும் இதழாசிரியப் பணியிலும் ஈடுபட்டிருந்தவர். குழந்தைகளுக்கான சிறந்த நூலுக்கு ஆண்டுதோறும் ஒரு பதக்கம் தரவேண்டும் என்று 1921-ஆம் ஆண்டு மாநாட்டில் அவர் முன்மொழிந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டனில் புத்தகம் விற்ற ஜான் நியூபெரியின் பெயர் அப்பதக்கத்திற்குச் சூட்டப்பட்டது. 1922-ஆம் ஆண்டு முதல் பதக்கம் வழங்கப்பட்டபோது பதிவான வாக்குகள் 212. அவற்றுள் 163 வாக்குகள் ஹென்ட்ரிக் வில்லெம் வான் லூன் எழுதிய மனிதகுல வரலாற்று நூலுக்குக் கிடைத்தன. அடுத்து நின்ற சார்லஸ் ஹாஸ் என்பவரின் நூலுக்கு 22 வாக்குகளே கிடைத்தன. அதே ஹாஸ் 1924-இல் வேறொரு நூலுக்காகப் பதக்கம் பெற்றார். ஆயினும் அதனைக் கையில் வாங்க அவர் உயிருடன் இல்லை. 1923-இலேயே அவர் காலமாகிவிட்டார். அந்த 1924-ஆம் ஆண்டில்தான் பொது வாக்கெடுப்பு முறை கைவிடப்பட்டு, தனிக்குழு ஒன்று நூலைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. ஆகவே, பரிசுப் பட்டியலைக் காணும்போது பெயரை மட்டும் பார்த்தல் போதாது. தேர்ந்தவர் யார், எம்முறையில் தேர்ந்தனர் என்றும் கேட்டல் வேண்டும்.

1928-இல் இப்பதக்கம் கல்கத்தாவிற்கு அருகில் பிறந்த தன் கோபால் முகர்ஜிக்குக் கிடைத்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. கல்கத்தாவில் வளர்ந்து, முதல் உலகப் போரில் செய்தி சுமந்து பறந்த ஒரு புறாவின் கதையை அவர் எழுதினார்.

பட்டியலை மட்டும் படித்தவர், அச்சங்கத்தின் கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது என்றே எண்ணுவார். பிற ஏடுகளைப் புரட்டினால் வேறு காட்சி தெரிகிறது. 1936-ஆம் ஆண்டு மாநாடு வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டு நகரில் நடைபெற்றது. கறுப்பின உறுப்பினர்கள் கூட்டங்களுக்கு வரலாம். ஆனால் அவர்களுக்கென ஒதுக்கிய பகுதியில்தான் அமரவேண்டும். மாநாட்டு விடுதிகளில் அவர்கள் தங்கவியலாது; உணவுடன் நடக்கும் கூட்டங்களில் கலந்துகொள்ளவியலாது. இந்நிலையைத் தெரிவிக்கும் கடிதம் மாநாட்டிற்கு முன்னரே அவர்களுக்கு அனுப்பப்பட்டது. கட்டணம் செலுத்திய உறுப்பினர்க்குக் கிடைத்த அழைப்பு அது!

கண்டனங்கள் எழுந்தன. அவ்வாண்டு டிசம்பரில் கூடிய சங்கப் பேரவை, தன் மாநாட்டு அரங்குகளில் உறுப்பினர் அனைவரும் முழுச் சமத்துவத்துடன் அனுமதிக்கப்படவேண்டும் என்று தீர்மானித்தது. அதன்பின் 1956-இல் மயாமி கடற்கரை நகரில் கூடும் வரையில், தென் மாநிலங்களில் அச்சங்கம் ஆண்டு மாநாடு நடத்தவில்லை.

பதக்கத்தின் கதையோ மேலும் மெல்ல நகர்ந்தது. 1969-ஆம் ஆண்டு அட்லாண்டிக் சிட்டி மாநாட்டில் சந்தித்த கறுப்பினப் பள்ளி நூலகர் இருவர், தம் இனத்து எழுத்தாளர் ஒருவர்கூட அதுவரையில் நியூபெரி பதக்கம் பெறாததை எண்ணிப் பேசினர். அப்பேச்சிலிருந்து கொரெட்டா ஸ்காட் கிங் பெயரிலான விருது பிறந்து, 1970-இல் முதன்முறையாக வழங்கப்பட்டது. தாய்ச் சங்கம் அதனை முறைப்படி ஏற்றது 1982-இல்தான். இதற்கிடையில், 1975-இல் வர்ஜீனியா ஹாமில்டன் என்னும் அம்மையார் நியூபெரி பதக்கம் பெற்ற முதல் கறுப்பின எழுத்தாளர் ஆனார். முதல் பதக்கத்திற்கும் அதற்கும் இடையே 53 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பல ஆண்டுகள் பள்ளி ஆண்டு விழா அறிக்கை எழுதியவன் நான். ஓட்டத்தில் முதல்வனாக வந்தவன் பெயர் அவ்வறிக்கையில் இருக்கும். போட்டி நாளன்று தந்தைக்குத் துணையாக அறுவடைக்குச் சென்றவன் பெயர் அதில் இராது. அன்றைய வருகைப் பதிவேட்டில் அவனுக்கு நேரே ஒரு சுழி மட்டும் இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவனுக்கே அந்நாளின் முழு உண்மையும் விளங்கும். பெருஞ்சங்கங்களுக்கும் இதே விதிதான்.

அமெரிக்க நூலகச் சங்கத்தின் ஆவணங்கள் 1973 முதல் இலினாய் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. 2018-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டில், நூலகங்களில் நிலவிய நிறப்பாகுபாட்டிற்குத் தானும் நேராகவோ மறைவாகவோ துணைநின்றமைக்காக அச்சங்கம் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் இயற்றியது. எண்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததை நேரில் கண்டவர் எத்துணைப் பேர் அவ்வவையில் இருந்திருக்கக்கூடும்? ஏடுகள் இருந்தமையால் அன்றோ பிழை இன்னதெனப் பெயர் சொல்லி வருந்த முடிந்தது! புகழை மட்டும் சேர்த்துவைத்துக் குறையைக் கிழித்தெறியும் சங்கம், தன்னைத் திருத்திக்கொள்ளும் வழியையும் சேர்த்தே கிழித்துவிடுகிறது.

மாணவர்களே, உங்களுள் பலர் கல்லூரி மன்றங்களின் செயலாளராகவும், நாளை தொழிற்சங்கங்களின் பொறுப்பாளராகவும் வருவீர்கள். கூட்டக் குறிப்பு எழுதும் பணி உங்களிடம் வரும்போது, நாளையும் இடத்தையும் தவறாது குறியுங்கள். வந்தோர் தொகையை எழுதுங்கள். தீர்மானத்தை ஆதரித்தோர் எத்தனை பேர், எதிர்த்தோர் எத்தனை பேர் என்று பதியுங்கள். வந்த கண்டனக் கடிதத்தையும் பாராட்டுக் கடிதத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள். அக்கோப்பைப் பின்னொரு நாள் பிரிப்பவர், நீங்கள் முகமறியாத ஒருவராக இருப்பார். அவருக்கு உரிய நீதி, நீங்கள் இன்று எழுதும் அந்த ஓரிரு வரிகளில் அடங்கியிருக்கக்கூடும்.