மலையேற இன்னும் இரண்டு கால்கள்

வார இறுதியில் குன்றுகளை நோக்கி ஓடும் பெங்களூரு, முழங்கால்களை மட்டும் மறந்துவிடுகிறது. பின்லாந்திலிருந்து வந்த கோல் நடை அதற்கு ஒரு பதில்

சனிக்கிழமை நள்ளிரவு கடந்ததும் பெங்களூருவின் ஹெப்பால் மேம்பாலத்தில் ஒரு விநோதமான நெரிசல் தொடங்குகிறது. மோட்டார் சைக்கிள்கள், வாடகை வேன்கள், அலுவலக அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கும் இளைஞர்கள் நிரம்பிய கார்கள். எல்லோரும் விமானம் பிடிக்கப் போகிறவர்கள் அல்ல. பாதிப் பேர் விமான நிலையத்தையும் தாண்டி, நந்தி மலையிலோ ஸ்கந்தகிரியிலோ பொழுது விடிவதைப் பார்க்கப் போகிறவர்கள். வேறு சிலர் தெற்கே ராமநகரத்துக்கும் மேற்கே சாவனதுர்காவுக்கும் பிரிந்து செல்கிறார்கள்.

இந்த விஷயத்தில் பெங்களூரு கொடுத்து வைத்த ஊர். நகரமே கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. அறுபது கிலோ மீட்டர் சுற்றளவுக்குள் 1,478 மீட்டர் உயர நந்தி மலையும், ஒரே பாறையாக 1,226 மீட்டருக்கு எழுந்து நிற்கும் சாவனதுர்காவும் இருக்கின்றன. பாலாறும் தென்பெண்ணையும் பிறக்கும் மலைப்பகுதி இது என்பதால் தமிழர்களுக்கும் இதில் ஒரு பாத்தியதை உண்டு.

ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை நாற்காலியில் கழித்த உடம்பை ஞாயிறு விடியலில் திடீரென்று மலை மீது ஏற்றுவது எப்படிப்பட்ட உடற்பயிற்சி? உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போதுமான உடலுழைப்பு இல்லாதவர்கள். நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பத்து கோடிக்கும் மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் தெரிவித்தது. ஆக, மலைக்குப் போகும் கூட்டத்தில் பலர் தாங்கள் எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரியாமலே ஏறுகிறார்கள். ஏறுவது மூச்சைத்தான் வாங்கும். இறங்கும்போதுதான் முழங்கால் பழி வாங்குகிறது. ஒவ்வோர் அடியிலும் உடல் எடை முழுவதையும் பிடித்து நிறுத்த வேண்டிய வேலை தொடையின் முன்தசைக்கும் முட்டிக்கும் வந்து சேர்கிறது. திங்கட்கிழமை காலையில் அலுவலகப் படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால், ஞாயிறன்று எங்கே போய் வந்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லை.

இங்கேதான் நார்டிக் நடை என்ற சமாச்சாரம் பொருந்தி வருகிறது. பிறந்த இடம் பின்லாந்து. பனிச்சறுக்கு வீரர்கள் பனி இல்லாத கோடையில் பயிற்சி விட்டுப்போகாமல் இருக்க, சறுக்குக் கட்டைகளைக் கழற்றிவிட்டு இரண்டு கோல்களை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தார்கள். இதைச் சாதாரண மக்களுக்கான நடையாக 1997இல் மார்க்கோ கண்டனேவா ஒரு பத்திரிகையில் விளக்கி எழுதினார். அதே ஆண்டில் எக்ஸெல் என்ற பின்லாந்து நிறுவனம் இதற்கென்றே கோல்களை விற்கத் தொடங்கியது. சறுக்குக் கட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்தாயா என்று ஆரம்பத்தில் கேலி செய்தவர்களின் நாட்டில் பின்னர் அது தேசியப் பழக்கமாகிவிட்டது. ஐரோப்பா முழுவதும் பரவி ஆல்ப்ஸ் மலைப் பாதைகளிலும் ஏறியது.

கையில் கோல் இருந்தால் போதும், அது நார்டிக் நடை என்று நினைப்பது தவறு. மலையேறுபவரின் கோல் உடலுக்கு முன்னே ஊன்றப்படுகிறது; சாய்ந்து கொள்ள ஒரு துணை, அவ்வளவுதான். நார்டிக் கோலோ பின்னோக்கிச் சாய்ந்தபடி, இரு பாதங்களுக்கும் நடுவே தரையைத் தொடுகிறது. வலது கால் முன்னே போகும்போது இடது கை. ஊன்றிய கோலைப் பின்னால் தள்ளிக்கொண்டே போய், கை இடுப்பைத் தாண்டியதும் விரல்களை விரித்து விட்டுவிட வேண்டும். கோல் கீழே விழாது. மணிக்கட்டில் பாதிக் கையுறை மாதிரி ஒரு வார் அதைப் பிடித்திருக்கும். இந்தத் தள்ளலில்தான் சூட்சுமம் முழுவதும். தோள், முதுகு, மேல்கையின் பின்தசை எல்லாம் வேலைக்கு வந்துவிடுகின்றன. உடலின் 90 சதவீதத் தசைகள் இயங்குகின்றன என்று விளம்பரங்கள் சொல்வதை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஆனால் அமெரிக்காவின் டல்லஸ் நகரிலுள்ள கூப்பர் நிலையம் 2002இல் வெளியிட்ட சோதனையில், கோலுடன் நடந்தவர்கள் சாதாரண நடையைவிடச் சராசரியாக 20 சதவீதம் கூடுதல் ஆக்சிஜனைச் செலவழித்தார்கள். அதே வேளையில், கூடுதலாகச் சிரமப்பட்டதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

இதய நோயாளிகளுக்கும் இது பயன்பட்டிருக்கிறது. கனடாவின் ஒட்டாவா இதய நிலையத்தில் கரோனரி நோயுள்ள 130 பேரை மூன்று பிரிவாக்கிப் பன்னிரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். 2022இல் வெளியான முடிவின்படி, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்ற அளவுகோலில் நார்டிக் நடைக்காரர்களே அதிகம் முன்னேறினார்கள். தீவிர இடைவெளிப் பயிற்சி செய்தவர்களும், மிதமான தொடர் பயிற்சி செய்தவர்களும் அவர்களுக்குப் பின்தான்.

மலை விஷயத்தில் ஆஸ்திரியர்கள் செய்த இரண்டு ஆராய்ச்சிகள் பெங்களூருக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமானவை. ஃபோரார்ல்பெர்க் பகுதியில் ஹைன்ஸ் டிரெக்ஸலின் குழு, உழைப்பில்லாத வாழ்க்கை வாழ்ந்த 45 பேரை ஒரு மலைக்கு அழைத்துப்போனது. இரண்டு மாதம் ஏற்றம் மட்டும் நடை, இறக்கம் கேபிள் காரில். அடுத்த இரண்டு மாதம் தலைகீழாக. 2004இல் அறிவிக்கப்பட்ட முடிவு மருத்துவர்களையே புருவம் உயர்த்த வைத்தது. ஏறியபோது இரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு குறைந்தது. சர்க்கரையைக் கையாளும் திறன் கூடியதோ, சோம்பேறிகளின் வேலை என்று கருதப்படும் இறக்கத்தில். சிறிய ஆராய்ச்சிதான். இருந்தாலும் சர்க்கரைக்காரர்கள் நிறைந்த நாட்டில் கவனிக்க வேண்டியது. (நந்தி மலைக்கு ரோப்வே அமைக்க 2023 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏறுவதற்கு அதையும் இறங்குவதற்குக் கால்களையும் பயன்படுத்துங்கள் என்று எந்த அதிகாரியும் சொன்னதாகத் தெரியவில்லை.)

சர்க்கரைக்கு நல்லது இறக்கம். முட்டிக்குக் கெட்டதும் அதே இறக்கம். சிக்கலை அவிழ்ப்பது இரண்டாவது ஆராய்ச்சி. சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் ஷ்வாமெடரும் சகாக்களும் 25 டிகிரி சரிவில் கோலோடும் கோல் இல்லாமலும் ஆட்களை இறங்கச் செய்து அளந்தார்கள். 1999இல் வெளியான அந்த முடிவில், கோல் முழங்காலின் சுமையை 12 முதல் 25 சதவீதம் வரை குறைத்திருந்தது. சமதளத்தில் இந்த லாபம் இருக்கிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. சரிவில் இருக்கிறது.

தமிழர்களுக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? கோவையை அடுத்த வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறும் பக்தர்கள் அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்காமல் கிளம்புவதில்லை. ஆனால் தடி எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது. 2024 பருவத்தில் அங்கே ஏறியவர்கள் சிலர் மூச்சுத் திணறியும் மாரடைப்பிலும் இறந்தார்கள். இதய நோய், ஆஸ்துமா போன்ற கோளாறு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை எச்சரித்தது. உடம்பைத் தயார் செய்யும் வேலை மலைக்குக் கீழே, வாரக்கணக்கில் நடக்க வேண்டியது.

பெங்களூருவைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு இன்னொரு குணம் உண்டு. ஆல்ப்ஸின் மண் பாதை அல்ல இவை. சாவனதுர்காவிலும் ராமநகரத்திலும் கால் வைப்பது வழுவழுப்பான கிரானைட் சரிவில். கோலின் ரப்பர் முனை ஈரப் பாறையில் வழுக்கும். உலோக முனையும் மொட்டைப் பாறையில் சறுக்கக்கூடும். கையை ஊன்றித் தவழ வேண்டிய இடத்தில் கோல் வெறும் தொல்லை. மடித்துப் பையில் வைக்கிற கோலாக இருந்தால் நல்லது. அங்கே சறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் நந்தி மலையின் பிரம்மகிரிப் பாறைகளில் 19 வயது மாணவர் ஒருவர் சுமார் 300 அடி வழுக்கி, பாறை விளிம்பில் சிக்கிக்கொண்டார். எலஹங்காவிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்துதான் அவரைத் தூக்கியது.

கூட்டமும் ஓர் ஆபத்துதான். 2024 குடியரசு தின விடுமுறையில் குமார பர்வதத்தில் ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள். அதன் பிறகு, ஆன்லைன் முன்பதிவு இல்லாத மலைப் பாதைகளைத் தற்காலிகமாக மூட வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே உத்தரவிட்டார். அந்த ஆண்டு அக்டோபரில் வனத்துறை 'ஆரண்ய விஹார' என்ற முன்பதிவுத் தளத்தைத் தொடங்கியது. ஒரு பாதையில் நாளொன்றுக்கு 300 பேர் என்று வரம்பும் வைத்தது. அதே மாதம் தமிழ்நாடும் 40 பாதைகளோடு தன் மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்களைப் பலிகொண்டதை மறந்திராத மாநிலம் அது.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்ற மலை, மலையே அல்ல, லால்பாக். அங்கே முந்நூறு கோடி ஆண்டுப் பழமையுள்ள ஒரு பாறைக் குன்று இருக்கிறது. ஏறி இறங்கப் பழக அது போதும். தள்ளிப் பழக மரத்தடி மண் பாதைகள் இருக்கின்றன. நார்டிக் கோலின் நீளம் உயரத்தில் 0.68 பங்கு, 170 சென்டிமீட்டர் உயரமானவருக்கு ஏறக்குறைய 115. நீளத்தை மாற்றக்கூடிய கோலாக இருந்தால் செங்குத்தான ஏற்றத்தில் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம், இறக்கத்தில் கூட்டிக்கொள்ளலாம். முதல் சில நாட்கள் எந்தக் கை எந்தக் காலுக்கு என்று குழம்பும். அப்போது கோல்களைத் தரையில் இழுத்துக்கொண்டே, கைகளை இயல்பாக வீசி நடந்தால் போதும். சிறிது நேரத்தில் முனை தானாகவே மண்ணைக் கவ்வத் தொடங்கும்.