தரங்கம்பாடி: அமைதியின் வரவு செலவு

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஆண்டுக்கு 3,111 ரூபாய். 1845இல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்றபோது விலை பன்னிரண்டரை லட்சம். இடையில் 225 ஆண்டுகள் இது கப்பல் வந்துபோன பட்டினம். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சான ஊர். கப்பல்கள் நின்றபின் வந்ததுதான் இன்றைய அமைதி. அந்த அமைதிக்கு இங்கே குடியிருப்பவர்கள் கொடுக்கும் விலையை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம்.

வரவு

2011 கணக்கெடுப்பில் பேரூராட்சியின் மக்கள்தொகை 23 ஆயிரத்துச் சொச்சம். ராஜ வீதியை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தே கடக்கலாம். மேற்கே 1792இல் கட்டிய நகர வாயில், கிழக்கே கடல். ராத்திரி ஒன்பது மணிக்குமேல் அந்த வீதியில் கேட்பது அலைச் சத்தம்தான். ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும். கல்லூரியும் அரசு ஆஸ்பத்திரியும் பக்கத்துப் பொறையாரில், சுமார் 3 கிலோமீட்டரில். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மீன் அன்னக்கூடையைக் காலடியில் இடுக்கிக்கொண்டு ஏறும் அம்மாவுக்கு அந்தப் பணம் அன்றைய லாபத்தில் சேர்கிறது.

செலவு

மயிலாடுதுறை சுமார் 30 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே வேலைக்குப் போகிறவருக்கு:

ஒரு நாளுக்கு: 60 கிலோமீட்டர், 2 மணி நேரம்
வருஷத்துக்கு 300 நாள்: 18,000 கிலோமீட்டர், 600 மணி நேரம்
600 மணி நேரம்: இரவும் பகலுமாக 25 நாள்

பெரிய டாக்டரைப் பார்க்கவும் இதே தூரம்தான். 2020 டிசம்பர் வரை கலெக்டர் ஆபீஸ் நாகப்பட்டினத்தில் இருந்தது. ஒரு மனு கொடுக்க, புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்காலைத் தாண்டிச் சுமார் 35 கிலோமீட்டர் போகவேண்டும். மயிலாடுதுறை 38ஆவது மாவட்டமானதும் அந்தச் சுற்று ஒழிந்தது.

கடலும் தன் பங்கை எடுக்கிறது. 1306இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோவிலின் முன்பகுதியை அலை கொண்டுபோய்விட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமி வீடுகளோடு உயிர்களையும் கொண்டுபோனது. அதற்கு எந்தப் பத்தியில் எண் எழுதுவது?

நிலுவை

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926 முதல் ரயில் ஓடியது, 1980களில் நிறுத்தினார்கள். அந்தப் பாதை திரும்ப வந்து, போக வர ஆகும் நேரம் பாதியானால், வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் வருஷத்தில் 12 நாளுக்குமேல் வீட்டில் மிச்சமாகும். அமைதியான ஊரில் குடியிருப்பவருக்கு அந்த அமைதியை அனுபவிக்க நேரமும் வேண்டும். இந்த ஊருக்குத் தரவேண்டிய பாக்கி அந்த 30 கிலோமீட்டர் தண்டவாளம்.