முதுவன்திடல் காத்த அமானிதம்

ஓர் ஊரில் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் அனைத்தும் பிழைப்பை நாடி வேற்றூர்களுக்குக் குடிபெயர்ந்து விடுகின்றன. அவர்கள் போற்றி வந்த தலம் மட்டும் ஊரின் நடுவே தனித்து நிற்கிறது. அந்தக் கட்டடம் என்ன கதியை அடையும்? சுவர் சரிந்து, கூரை வீழ்ந்து, புதர் மண்டிப் போகும் என்றே வாசகர்களாகிய நீங்கள் எண்ணுவீர்கள். உலகில் பெரும்பாலும் நடப்பதும் அதுதான். ஆனால், அவ்வாறு நடவாத ஓர் ஊர் மதுரைக்கு அருகிலேயே இருக்கிறது. முதுவன்திடல் என்பது அதன் பெயர்.

வைகையின் வழியே

மதுரை மாநகரை விட்டு மானாமதுரைச் சாலையில் தென்கிழக்கு நோக்கிப் புறப்படுங்கள். வைகை ஆறும் உங்களோடு அதே திசையில் வரும். வருசநாட்டு மலைகளில் பிறந்து, மதுரையைக் கடந்து, சிவகங்கைச் சீமையை நனைத்து, இராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ச் சேரும் ஆறு இது. 1959-ஆம் ஆண்டில் ஆண்டிபட்டிக்கு அருகே அணை எழுந்த பின்னரும், ஆண்டின் பல மாதங்கள் இங்கே வைகை வெறும் மணற்பரப்பாகவே காட்சி தருகிறது. வெள்ளம் வரும் சில நாட்களில் அதனைக் கால்வாய் வழியே கண்மாய்களில் தேக்கிக்கொண்டு, அந்த நீரை நம்பியே இப்பகுதி உழவர்கள் நாற்றுப் பாவுகின்றனர். கண்மாய் நிறைந்தால் ஊர் நிறையும். கண்மாய் வறண்டால் ஊர் வெளியேறும். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் மக்கள், சாதி சமய வேறுபாடின்றி, பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் மதுரைக்கும் சென்று பிழைத்த வரலாற்றின் பின்னே இந்த வறண்ட கண்மாய்கள் நிற்கின்றன என்பதை மறந்துவிடலாகாது.

வழியில் இருப்பது திருப்புவனம். தேவாரப் பாடல் பெற்ற புஷ்பவனேசுவரர் கோயில் உள்ள ஊர். அதே திருப்புவனம் வட்டத்தைச் சேர்ந்ததுதான் கீழடி. 2015-ஆம் ஆண்டு முதல் அங்கே நடந்துவரும் அகழாய்வு, ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட நகர வாழ்வின் செங்கற் சுவர்களையும், உறைகிணறுகளையும், எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும் வெளிக்கொணர்ந்தது. வந்தோரையும் சென்றோரையும் நெடுங்காலமாகக் கண்டு பழகிய மண் இது.

இத்திருப்புவனத்தை அடுத்ததே முதுவன்திடல். பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து, 1985-ஆம் ஆண்டில் சிவகங்கை தனி மாவட்டமானபோது அதனோடு சேர்ந்த ஊர். வயலும் கண்மாயும் ஓட்டு வீடுகளும் கொண்ட சிற்றூர். கடந்து செல்பவர் எவரும் நின்று பார்க்க வேண்டிய தோற்றம் எதுவும் அதற்கில்லை. ஆனால் ஊரின் நடுவே பள்ளிவாசல் என்று சிலரும், தர்கா என்று சிலரும் குறிப்பிடும் ஒரு தலம் உண்டு. பாத்திமா நாச்சியார் பெயரால் அது விளங்குகிறது. முற்காலத்தில் இவ்வூரில் முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள். நாளடைவில் தொழிலும் வாழ்வும் தேடி அவர்கள் வெளியேறிவிட்டார்கள். இன்று இவ்வூரில் வாழ்வோர் இந்துக்களே. எனினும் பாத்திமா நாச்சியாரின் விளக்கு அணையவில்லை.

நாச்சியார் என்னும் சொல்

வாசகர்களே, 'நாச்சியார்' என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தலைவி, பெருமாட்டி என்பது அதன் பொருள். வைணவர்கள் ஆண்டாளை நாச்சியார் என்று போற்றினர். தமிழ் முஸ்லிம்கள் தங்கள் குலப் பெண்களுக்கு அதே சொல்லைச் சூட்டி மகிழ்ந்தனர். சிவகங்கைச் சீமையின் அரசியோ வேலு நாச்சியார். 1772-இல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதர் மாண்ட பின்னர், அவ்வரசி மைசூர் ஹைதர் அலியின் துணையைப் பெற்று, 1780-இல் தம் சீமையை மீட்டார் என்பது வரலாறு. ஆகவே, அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகளார் பாத்திமா (ரலி) அவர்களின் திருப்பெயரோடு இச்சொல் சேர்ந்தபோது, இம்மண்ணின் உழவனுக்கு அது அயலாரின் பெயராகத் தோன்றவில்லை; தன் சீமையின் பெயராகவே தோன்றியது.

இவ்வூரார் அறுவடையின் முதற்பங்கை பாத்திமா நாச்சியாருக்குக் காணிக்கையாக்குவதை வழக்கமாகக் கொண்டுள்ளனர். வறண்ட பூமியில் நெல் என்பது வியர்வையின் மறுபெயர். அதன் முதற்பங்கை ஒருவர் யாருக்கு எடுத்து வைக்கிறாரோ, அவரைத் தம் குடும்பத்தில் ஒருவராகவே கருதுகிறார் என்பதுதானே பொருள்!

முஹர்ரம் பத்தாம் இரவு

ஹிஜ்ரி 61-ஆம் ஆண்டு, முஹர்ரம் திங்கள் பத்தாம் நாள். கி.பி. 680-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். இராக்கிலுள்ள கர்பலா வெளியில், தண்ணீர் மறுக்கப்பட்ட நிலையில், பாத்திமா (ரலி) அவர்களின் செல்வ மகனார் இமாம் ஹுஸைன் (ரலி) அவர்கள், தம்மோடு நின்ற சிறு கூட்டத்தாருடன் ஷஹீதானார்கள். அநீதிக்குக் கைகொடுக்க மறுத்த அத்தியாகத்தின் நினைவு, கடலும் மலையும் கடந்து, வைகைக் கரையின் இச்சிற்றூருக்கும் வந்து சேர்ந்தது.

ஆண்டுதோறும் முஹர்ரம் பிறை பிறந்ததும் முதுவன்திடலில் விரதம் தொடங்குகிறது. பத்து நாட்கள் ஊர் கட்டுப்பாட்டோடு இருக்கிறது. பத்தாம் நாளை ஒட்டிய இரவில் பூக்குழி வளர்க்கப்படுகிறது. விரதம் காத்த ஆடவர்கள் அதில் இறங்குகின்றனர். பெண்கள் ஈரத்துணியால் முக்காடிட்டு அமர, அவர்களின் தலைமீது தணற்கங்குகளை அள்ளிக் கொட்டுகின்றனர். 'பூ மெழுகுதல்' என்பது இதற்கு ஊர் வழங்கும் பெயர். சப்பரமும் ஊர்வலம் வருகிறது.

இதிலே இன்னொரு நுட்பமும் இருக்கிறது. உழவனின் ஆண்டு சூரியனைப் பின்பற்றுவது. ஆடியில் விதைத்துத் தையில் அறுப்பது. முஹர்ரமோ பிறைக் கணக்கைச் சேர்ந்தது. ஆண்டுக்குப் பதினொரு நாள் அளவில் முன்னே நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருவது. கோடையில் வந்தாலும், கார்காலத்தில் வந்தாலும், நடவின் நடுவே வந்தாலும், முதுவன்திடல் அந்த நாளைத் தன் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளவில்லை. சென்றுவிட்ட அண்டை வீட்டாரின் நாட்காட்டியை அவ்வூர் இன்றும் தன் வானத்தில் பார்த்து வருகிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இவ்விடத்தில் உங்களுள் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். தீமிதிப்பது இஸ்லாமிய மார்க்கம் கற்பித்த வணக்கமா? இல்லை. ஐயத்திற்கு இடமின்றி இதனைச் சொல்லிவிட வேண்டும். ஆஷூரா நாளுக்கு அண்ணலார் (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழி நோன்பு. மூஸா (அலை) அவர்களையும் அவர்தம் மக்களையும் பிர்அவ்னிடமிருந்து இறைவன் காப்பாற்றிய நாள் என்று மதீனத்து யூதர்கள் அந்நாளில் நோன்பு நோற்கக் கண்டு, மூஸா (அலை) அவர்களுக்கு நாமே அதிகம் உரிமையுடையோம் என்று கூறி, பெருமானார் தாமும் நோற்று, தம் தோழர்களையும் நோற்கச் செய்தார்கள். பத்தாம் நாளோடு ஒன்பதாம் நாளையும் சேர்த்து நோற்பது சுன்னத்தாகக் கருதப்படுகிறது.

ஆனால், வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. தக்காணத்து முஸ்லிம்களின் பழைய முஹர்ரம் வழக்கங்களில் 'அலாவா' என்னும் தீக்குழி இடம் பெற்றிருந்தது. தமிழகத்துச் சமவெளியிலோ, மாரியம்மனுக்கும் திரௌபதி அம்மனுக்கும் பூக்குழி இறங்குவது நேர்ச்சைகளுள் தலையாயது. தாம் அறிந்த வழிகளுள் மிக உயர்ந்தது எதுவோ, அதனைக் கொண்டே ஊரார் பாத்திமா நாச்சியாரைச் சிறப்பிக்கின்றனர். அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியோர் அல்லர். மார்க்கச் சட்டம் அவர்களுக்கு உரியதும் அன்று. அந்தச் செயலின் வடிவத்தை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. அதன் உள்ளே இருக்கும் நாணயத்தைக் காணத் தவறுவோமானால், குற்றம் நம்முடையதாகும்.

காத்தவர்களின் வரிசை

முதுவன்திடல் தனித்த ஓர் அதிசயமும் அன்று. மதுரையில், வைகையின் வடகரையில், கோரிப்பாளையம் தர்காவில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அப்பள்ளிக்குக் கூன் பாண்டியன் காலத்தில் உரிமையாக்கப்பட்ட ஆறு ஊர்களைக் குறித்துப் பிற்காலத்தில் வழக்கு எழுந்தது. 1573-ஆம் ஆண்டில் நாயக்க மன்னர் வீரப்பர் அவ்வழக்கை விசாரித்து, பழைய உரிமை செல்லும் என்று தீர்ப்பளித்துக் கல்லில் பொறிக்கச் செய்தார். பாண்டியர் ஆட்சியும் போய், 14-ஆம் நூற்றாண்டின் மதுரைச் சுல்தான்கள் ஆட்சியும் போய், விஜயநகரத்தின் வழிவந்தவர் அரசாண்ட காலம் அது. கொடுத்தவரும் இல்லை, அன்று பெற்றவரும் இல்லை. கொடுத்த சொல் மட்டும் இருந்தது. அதனை மன்னர் காத்தார்.

தஞ்சைக்கு அருகே காசவளநாடு புதூர் என்னும் ஊரிலும் இந்துக்களே முஹர்ரம் விழா எடுக்கின்றனர். கை வடிவிலான பஞ்சாவை மாலை சூட்டி வீதிதோறும் எடுத்து வருகின்றனர்.

இன்னும் தொலைவே செல்லுங்கள். வங்கக் கடலுக்கு அப்பால், இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவில், பெங்கூலு, பரியாமான் என்னும் கரையோர ஊர்கள் இருக்கின்றன. 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் டச்சுக்காரர் வசம் செல்லும்வரை பெங்கூலு ஆங்கிலேயரிடம் இருந்தது. அவர்களின் படையில் இந்திய நாட்டுச் சிப்பாய்கள் சென்று தங்கினர். அச்சிப்பாய்களின் வழியாகவே முஹர்ரம் ஊர்வலம் அக்கரையை அடைந்தது என்பர். பெங்கூலுவில் தாபுத் என்றும், பரியாமானில் தாபூயிக் என்றும் அது வழங்குகிறது. கோபுரம் போல் உயர்ந்த சப்பரத்தைச் சுமந்து சென்று பரியாமான் மக்கள் கடலில் சேர்க்கின்றனர். சிப்பாய்கள் காலத்தில் கரைந்து போனார்கள். அந்நாட்டுச் சிற்றூர் மக்கள் அந்த நினைவைத் தமதாக்கிக் கொண்டார்கள். கொண்டு சென்றவர் ஒருவர், காத்து நின்றவர் மற்றொருவர் என்பது கடலுக்கு இப்பாலும் அப்பாலும் ஒன்றாகவே இருக்கிறது.

அமானிதம்

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு இஸ்லாம் இட்ட பெயர் அமானிதம். உரியவரிடம் அதனைச் சேர்ப்பிக்கும்படி திருமறை கட்டளையிடுகிறது. கி.பி. 622-இல் நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு மதீனா புறப்பட்ட இரவை எண்ணிப் பாருங்கள். உயிருக்கே ஆபத்து. அவர்களைக் கொல்லத் துணிந்து வீட்டைச் சூழ்ந்து நின்றவர்கள் குறைஷியர். அதே மக்காவாசிகள் நம்பி ஒப்படைத்த பொருள்களும் அவ்வீட்டில்தான் இருந்தன. ஏனெனில், மார்க்கத்தை ஏற்க மறுத்தவர்களும் அவர்களை 'அல் அமீன்', நம்பிக்கைக்குரியவர் என்றே அறிந்திருந்தனர். பெருமானார் என்ன செய்தார்கள்? அலி (ரலி) அவர்களை மக்காவில் விட்டு, ஒவ்வொரு பொருளையும் உரியவரிடம் ஒப்படைத்த பின்னரே புறப்படும்படி பணித்துச் சென்றார்கள். பிற சமயத்தாரின் பொருளைக் காத்துக் கொடுப்பது நபிவழி என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

முதுவன்திடலில் அந்தப் பாடம் திரும்பி நின்று நம்மைப் பார்க்கிறது. அங்கே விட்டுச் சென்றவர்கள் முஸ்லிம்கள். காத்து நிற்பவர்கள் பிற சமயத்தார். அவர்களிடம் எவரும் பத்திரம் எழுதி வாங்கவில்லை. கேட்பாரும் இல்லை. அண்டை வீட்டார் போற்றியது அழியக்கூடாது என்ற ஒன்றே அவர்களைக் கட்டிப் போட்டிருக்கிறது.

வாசகப் பெருமக்களே! உங்களுள் எத்தனையோ பேர் சொந்த ஊரை விட்டு நகரங்களில் குடியேறியவர்கள். நீங்கள் விட்டு வந்த ஊரில் உங்கள் முன்னோர் தொழுத பள்ளியும் அடக்கத்தலமும் இருக்கும். அவற்றைச் சுற்றி வேலியடைத்துக் காக்கும் ஒரு மாற்றுச் சமயத்து முதியவரும் இருக்கக்கூடும். அவரை என்றேனும் தேடிச் சென்று நன்றி கூறியதுண்டா? உங்கள் வீட்டை அடுத்து அவர்களின் கோயிலோ குளமோ இருந்தால், அவர்கள் ஊரில் இல்லாத நாளில் அதன்மீது உங்கள் கண் காவலாக இருந்ததுண்டா? மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்பது அண்ணலாரின் போதனை.

அடுத்த முஹர்ரம் பிறையைக் காணும்போது நோன்பு நோற்க எண்ணம் கொள்ளுங்கள். கர்பலாவின் தியாகச் செம்மல்களை நினைவுகூருங்கள். அந்த வேளையில், வைகைக் கரையின் ஒரு சிற்றூரிலும் அதே பிறையை அண்ணாந்து பார்த்து விரதம் தொடங்கும் உழவர்கள் உண்டு என்பதையும் எண்ணுங்கள். அவர்கள் காத்து வரும் அமானிதம் உங்களுடையது. அவர்களுடைய அமானிதம் எது என்று தேடிக் கண்டு அதனைக் காப்பது உங்கள் கடமை.